சிஎஸ்ஆர் பணமும் நம் ஆட்களும்

ஓசூர்

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பெரியவன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடுகிறான்.

அப்புறம், உங்கள் எம்.டி. கேட்ட விஷயம். லாபம் 5 கோடியைத் தொட்டதால் சிஎஸ்ஆர், அதாவது லாபத்தில் ஒரு பங்கைச் சமூக நலனுக்குச் செலவழிப்பது, கட்டாயமாகிவிட்டது. எப்படியும் செலவாகப் போகிற பணத்தை வைத்தே ஆட்கள் வேலையை விட்டுப் போகாமல் பிடித்துவைக்கலாமா என்கிறார். கெட்டிக்கார மனுஷன்! ஆனால் நேர்வழியைச் சட்டமே அடைத்துவைத்திருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் ஊருக்குப் போக வேண்டும். சொந்த ஊழியர்களுக்கென்றே செய்வது அந்தக் கணக்கில் சேராது. கேன்டீனைப் புதுப்பித்துவிட்டு சிஎஸ்ஆர் என்று எழுத முடியாது. ஊருக்குப் பொதுவாக நடத்தும் மருத்துவ முகாமில் உங்கள் ஆட்களும் வந்து நின்றால் தப்பில்லை.

நான் பார்த்தவரை, செலவழித்த தொகையை வைத்து எந்தத் தொழிலாளியும் கம்பெனியை மதிப்பதில்லை. எங்கள் ஆலையில் ஒரு வருடம் பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டிப் பெரிய விழா எடுத்தார்கள். மறுநாள் ஷிப்ட் மாறும்போது காண்ட்ராக்ட் பையன் ஒருவன், "சார், நம்ம ரெஸ்ட்ரூம்ல தாழ்ப்பாளே இல்ல" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் விழாச் செலவு முழுக்கப் போய்விட்டது. அதே ஆட்கள், பக்கத்து ஊர் ஏரியைத் தூர்வாரியபோது ஞாயிற்றுக்கிழமை தாங்களாகவே வந்தார்கள். பாதிப் பேருக்கு அது சொந்த ஊர். எந்த ஏரி என்று சொன்னதே அவர்கள்தான். "எங்க கம்பெனி" என்று அவர்கள் வாயால் நான் கேட்டது அப்போதுதான்.

உங்கள் பம்ப் கம்பெனியில் இது அப்படியே பலிக்குமா என்பது சந்தேகம். பாதிப் பேர் ஒடிசா, பீகார் என்கிறாய். செலவில் உள்ளூருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது சட்டம். கோவைக் குளம் நிறைந்தால் பாட்னாக்காரனுக்கு என்ன வந்தது? அவன் பார்ப்பது தங்குமிடத்தையும் ஓவர்டைம் காசையும்தான். அதைச் சொந்தச் செலவில்தான் சரிசெய்ய வேண்டும்.

ஜாம்ஷெட்பூர் கதை உனக்குத் தெரியும். டாடா ஸ்டீல் 1912-லேயே 8 மணி நேர வேலை கொண்டுவந்தது, பி.எஃப். 1920-ல். அதற்கான சட்டம் வந்ததோ 1952-ல். அந்த ஊரையே கம்பெனிதான் கட்டியது. இன்றும் அங்கே தலைமுறை தலைமுறையாக வேலை பார்க்கும் குடும்பங்கள் உண்டு. ஆனாலும் 1920-லும் 1928-லும் பெரிய ஸ்டிரைக் நடந்தது அங்கேதான். ஆஸ்பத்திரி கட்டிக் கொடுத்தவர்களிடமும் கூலி கேட்கத்தான் செய்வார்கள். எம்.டி.யிடம் இதை மறக்காமல் சொல்.

ஒன்று செய்யலாம். எங்கே செலவழிப்பது என்று முதலில் ஆட்கள் வேலை பார்க்கும் இடத்துக்கே போய்க் கேள், சூப்பர்வைசர்கள் இல்லாமல். விருப்பப்பட்டு வருபவர்களுக்குச் சம்பளத்தோடு ஒரு நாள் விடு. அந்த நேரத்தைப் பணமாக்கி 2 சதவீதத்தில் கழிக்க முடியாது என்று 2021-ல் கம்பெனி விவகார அமைச்சகமே சொல்லிவிட்டது. கணக்குப் பிள்ளை முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

அவர் என்ன சொன்னார் என்று எழுது. பெரியவனுக்கு உங்கள் பக்கம் அப்ரண்டிஸ் இடம் இருந்தாலும் சொல்.

உன்,
மச்சான்