ஃப்ரெட்டர்னிட்டின்னா கூத்து மட்டும் இல்லீங்க

ஆசிரியருக்கு வணக்கம். அமெரிக்க காலேஜ் ஃப்ரெட்டர்னிட்டிங்க, அதான் ஆம்பளப் பசங்க சேர்ற மாணவர் சங்கங்க, பத்தி உங்க பேப்பர்ல வந்தத படிச்சேன், குடி, ராகிங்னே முழுக்க போயிடுச்சு, மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு. அதெல்லாம் நடக்குது, இல்லேங்கல. ஆனா ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாங்கிற ஃப்ரெட்டர்னிட்டி பத்தி ஒரு வரி கூட காணோமே சார்? 1906 டிசம்பர்ல கார்னெல் யுனிவர்சிட்டில ஏழு கறுப்பின மாணவர்கள் சேந்து ஆரம்பிச்சது. மார்ட்டின் லூதர் கிங் அதுல மெம்பர், 1967-ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டோட முதல் கறுப்பின நீதிபதி ஆன தர்குட் மார்ஷலும் அதுலதான். 1930கள்லயே கறுப்பின மக்கள ஓட்டு லிஸ்ட்ல பேர் பதிய வைக்க எறங்கி வேலை செஞ்சிருக்காங்க.

வாஷிங்டன்ல கிங்குக்கு 30 அடி சிலை இருக்கு பாருங்க, பாறைக்குள்ளேர்ந்து வெளிய வந்த மாதிரி கைய கட்டிட்டு நிப்பாரு, அத வைக்கணும்னு 1984-ல பேச்செடுத்ததே இந்த சங்கத்து ஆளுங்கதான், அமெரிக்க காங்கிரஸ் (அவங்க பார்லிமென்ட்) அனுமதி கெடைக்கவே 1996 ஆயிடுச்சு, தெறந்தது 2011-ல, 27 வருஷம் விடாம அலைஞ்சிருக்காங்க. அடுத்த தடவ இவங்களப் பத்தியும் அரைப்பக்கம் போடுங்க சார்.

– ஒரு வாசகர், திருச்சி