எவர்சில்வர் பிரேம் விஷயமாக நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரமாக ஒரு போட்டோ வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எவர்சில்வர் சைக்கிள் பிரேம், அடிப்பக்கத்தில் பழுப்புப் புள்ளிகள், பக்கத்தில் நம் கடை பில். அதோடு நின்றிருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது. இன்னொருவர் அதே பிரேமில் காந்தத்தை ஒட்டிக் காட்டி, "ஒட்டுது பாருங்க, இது எவர்சில்வரே இல்ல, டூப்ளிகேட் குழாய்" என்று எழுதிவிட்டார். சரியாகக் கழுவவில்லை என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்வேன். திருவான்மியூரில் 19 வருடமாகக் கடை வைத்திருப்பவனை டூப்ளிகேட் என்றால் எப்படி?

காந்தத்தை வைத்து எவர்சில்வரா இல்லையா என்று முடிவு கட்ட முடியாது. எவர்சில்வரில் பல குடும்பங்கள் உண்டு. நல்ல பாத்திரங்களுக்குப் போடும் 304 ரகத்தில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். அதில் காந்தம் ஒட்டாது, ஒட்டினாலும் லேசாகத்தான். அந்த பிரேமின் குழாய் இங்கிலாந்து பர்மிங்காமில் இருக்கும் ரெனால்ட்ஸ் கம்பெனியின் 953. அது சூட்டில் வைத்துக் கெட்டிப்படுத்துகிற வேறு ரகம். அதில் காந்தம் சிக்கென்று ஒட்டும், ஒட்டத்தான் வேண்டும். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் குழாய் இழுத்தும் ஆளைத் தாங்குகிறதென்றால் அந்தப் பலம் இந்த ரகத்தால் வருவது. நம்பிக்கை வராதவர்கள் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கும் எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டும். அதற்காகப் பாத்திரக் கடையில் போய் யாரும் சண்டை போடுவதில்லை.

அப்புறம் புள்ளி ஏன் வந்தது என்பீர்கள். எவர்சில்வர் என்று நாம் வைத்த பேரிலேயே வம்பு இருக்கிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் இரும்புதான். மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு குரோமியம் ஆக்சைடு ஏடு படிந்திருக்கிறது. கீறினாலும் காற்று பட்டதும் தானாக மூடிக்கொள்ளும். அந்த ஏட்டுக்கு ஆகாதது உப்பு. வீடு முழுக்க எவர்சில்வர் வந்த பிறகும் ஊறுகாய் மட்டும் பீங்கான் ஜாடியை விட்டு இறங்கவில்லையே, அதே சங்கதிதான். 953-இல் குரோமியம் 12 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். பலம் கூடுதல், உப்பைத் தாங்குவது பாத்திரத்தைவிடக் குறைவு. நாமோ வாரா வாரம் கடலோரமாகவே மாமல்லபுரம் போய் வருகிறோம். மழை படுகிற மேல்பக்கத்தில் உப்பு கழுவிப் போய்விடும். மழை எட்டாத அடிப்பக்கத்தில் தங்கிவிடும். போட்டோவில் புள்ளி இருக்கும் இடத்தை இன்னொரு தடவை பாருங்கள். (அன்று கழுவிய புதுப் பையன் கம்பி நார் போட்டுத் தேய்த்ததும் ஒரு காரணம், நாரிலிருந்து உதிரும் இரும்புப் பொடி பதிந்தால் அதுதான் முதலில் துருப்பிடிக்கும். இப்போது கடையில் கம்பி நார் கிடையாது.)

நம் மூத்த மெக்கானிக் அண்ணனை உங்கள் எல்லோருக்கும் தெரியும். 11 வருடம் இருந்தவர், முழங்கால் வலி என்று மே மாதத்தோடு ஊருக்குப் போய்விட்டார். அவர் கையில் பழகியவர்களுக்குப் புது ஆட்களின் வேலை ஒரு மாற்றுக் குறைவாகத் தெரியும்தான். பழகிக்கொண்டிருக்கிறார்கள். இனி எவர்சில்வர் பிரேம் எது வந்தாலும் நானே தொடுவேன்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஓட்டி வந்த அன்றே கொஞ்சம் கார் ஷாம்பு கலந்த தண்ணீரில் மெத்தென்ற துணியால் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் போக ஒற்றிவிடுங்கள். நம் பக்கத்து போர் தண்ணீர் வேண்டாம், அதுவே உப்பு. பழுப்பு தெரிந்தால் ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட், சமையல் உப்பு இல்லை) கரைத்து, துணியை நனைத்துப் பத்து நிமிடம் சுற்றி வையுங்கள். பிறகு நன்றாக அலசுங்கள். தேய்த்தே தீர வேண்டுமென்றால் நைலான் நார், அதுவும் மெருகுக் கோடு ஓடும் திசையிலேயே. பாத்ரூம் ஆசிட், பிளீச்சிங் இரண்டையும் வண்டி பக்கமே கொண்டு போகாதீர்கள். குழி விழுந்தால் அவ்வளவு மெல்லிய குழாயில் அது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. மாதம் ஒருமுறை கார் மெழுகு போதும், டிஸ்க் பிரேக் தட்டில் மட்டும் படக் கூடாது. ஒரு சார் தேங்காயெண்ணெய் தடவிக் கொண்டுவந்தார். வண்டி பளபளவென்றுதான் இருந்தது, இரண்டு நாளில் ஈசிஆர் என்கிற நம் கடற்கரைச் சாலைப் புழுதி முழுக்க அதில் ஒட்டியிருந்தது. சீட்டைத் தாங்கி பிரேமுக்குள் இறங்கும் கம்பம், அதாவது சீட் போஸ்ட், அலுமினியமாக இருந்தால் வருடத்துக்கு இரண்டு முறை கழற்றி கிரீஸ் போடுங்கள். விட்டால் இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் கடித்துக்கொண்டு கழன்றே வராது.

போட்டோ வந்த அன்றே போன் போட்டு "என்ன ஆச்சுண்ணே" என்று முதலில் என்னைக் கேட்டவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. 2015 வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று நம் உதிரிப் பெட்டிகளை மாடிக்கு ஏற்றியதும் நீங்கள்தான். அதையெல்லாம் நான் மறக்கவில்லை. போட்டோ போட்ட சாரும் வண்டியைக் கொண்டு வரட்டும், காசு வாங்க மாட்டேன். காந்தத்தையும் எடுத்து வரட்டும்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்

பி.கு.: பிரேம் கழுவி மெழுகு போட இனி 450 இல்லை, 600 ரூபாய். சனிக்கிழமை விடும் வண்டி ஞாயிறு காலை சவாரிக்குக் கிடைக்காது, செவ்வாய்க்கிழமைதான்.