நேயர் மன்ற ஆண்டறிக்கை 2024–25: திருச்சி வானொலியின் கதையைத் தேடிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, நேயர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு மன்றம் செய்த பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். மழையால் நவம்பரிலும், மண்டபம் கிடைக்காததால் மார்ச்சிலும் கூட்டம் இல்லை. மற்ற மாதங்களில் தவறாமல் கூடினோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அதனால் நாம் கையில் எடுத்த பெரிய வேலையைப் பற்றியே இங்கு பேசுகிறேன். திருச்சி வானொலியின் வரலாற்றை, அதைக் கேட்டு வளர்ந்தவர்களின் வாய்மொழியாகவே தொகுப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம் அல்லவா, அந்த வேலை.

முதல் கூட்டத்திலேயே ஒரு வாக்குவாதம் வந்தது. தமிழ்நாட்டின் முதல் நிலையம் திருச்சிதான் என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் அடித்துச் சொன்னார்கள். அது சரியல்ல. 1924 மே 16இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி சென்னை மாகாண வானொலிச் சங்கத்தைத் தொடங்கினார். பணம் இல்லாமல் அது நின்றுபோக, சென்னை மாநகராட்சி 1930 முதல் ஒலிபரப்பை நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16இல் வந்தது. நம் திருச்சி நிலையம் 1939 மே 16இல். சங்கம் தொடங்கி சரியாகப் பதினைந்து ஆண்டுகள், அதே தேதி! இதை ஒரு உறுப்பினர் எடுத்துச் சொன்னதும் வாக்குவாதம் அடங்கிவிட்டது. முதல் நிலையம் என்ற பெருமை நமக்கு இல்லாவிட்டாலும், 1947இல் நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவில் இருந்த அகில இந்திய வானொலி நிலையங்கள் ஆறே ஆறு. அதில் திருச்சியும் ஒன்று.

நிலையம் திறந்து நான்கு மாதம் நிறைவதற்குள் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அந்தக் காலத்தை நேரில் கண்டவர் யாரும் நமக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகான காலத்தைப் பற்றிப் பேசத்தான் நிறையப் பேர் இருந்தார்கள். பஞ்சாயத்து ரேடியோ முன்னால் சாயங்காலம் ஊரே உட்கார்ந்திருந்தது, வீட்டில் ரேடியோ வைத்திருக்க அப்போது வேண்டியிருந்த லைசென்ஸைத் தபால் நிலையத்தில் வரிசையில் நின்று புதுப்பித்தது என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

பதிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது பாபநாசம் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயப் பெரியவர் பேசியது. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏடிடி 27 என்ற குறுகிய கால நெல்லைக் கொண்டுவந்தது. விதைப்பு, நடவு, எந்த நாளில் எவ்வளவு உரம் என்று திருச்சி வானொலியின் விவசாயிகளுக்கான பண்ணை இல்ல ஒலிபரப்பு விடாமல் சொல்லிக்கொடுத்தது. தஞ்சை விவசாயிகள் அந்த நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "எங்க அப்பா ஏடிடின்னு ஒரு நாளும் சொன்னதில்ல தம்பி, ரேடியோ நெல்லுதான்" என்றார் பெரியவர். ஒரு நிலையத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

செய்தியைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் முதலில் சொல்வது செய்தி வாசிப்பாளர் சரோஜ் நாராயண்சுவாமி அவர்களின் குரலைத்தான். காலை 7.15க்கு டெல்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்தியைத் திருச்சி வழியாகத்தான் கேட்டோம். எங்கள் வீட்டில் அந்தக் குரல் வந்துவிட்டால் பள்ளிக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது என்று அர்த்தம். 2022 ஆகஸ்டில் அவர் மறைந்தபோது நாம் நடத்திய அஞ்சலிக் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். ஆனால் காவிரி டெல்டாக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது மாநிலச் செய்தியில் வரும் ஒரு வரிக்காக: மேட்டூர் அணையின் நீர்மட்டம். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. வழக்கம்போல ஜூன் 12இல் பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பார்களா, குறுவை நெல் போடலாமா என்பதெல்லாம் அந்த ஒரு எண்ணில் இருந்தது. தினமும் அதைக் காலண்டரில் குறித்துவைத்த ஒரு அம்மாவை நம் குழு சந்தித்தது. பழைய காலண்டர்களை இன்னும் பரணில் வைத்திருக்கிறார். உள்ளூர்ச் செய்தி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அந்தக் காலண்டர்களைத்தான் காட்டுவேன்.

அப்புறம் கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலையில் புயல் கரை கடந்தபின் பல ஊர்களில் மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரங்களும் சாய்ந்துவிட்டன. பேட்டரி போட்ட ரேடியோ வைத்திருந்த வீட்டுத் திண்ணையில் தெருவே கூடியிருந்ததை நான்கு பேர், நான்கு வெவ்வேறு ஊர்களிலிருந்து சொன்னார்கள்.

ஒரு வருத்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். உறுப்பினர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்துவைத்த பேச்சு நிகழ்ச்சி கேசட்டுகளில் பாதிக்கு மேல் பூஞ்சை பிடித்துவிட்டது. சென்ற ஆண்டே கேட்டிருந்தால் இன்னும் சில தேறியிருக்கும். மீதியைக் கணினியில் ஏற்றி முடித்துவிட்டோம்.

பிப்ரவரி 13, உலக வானொலி நாளன்று நடத்திய கண்காட்சியில் பள்ளிப் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்டார்கள்: எஃப்.எம்.மில் பாட்டு மட்டும்தானே வருகிறது, நம் ஊர்ச் செய்தி ஏன் வருவதில்லை? தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லை. 2019 முதல் அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். சமுதாய வானொலி என்பது ஒரு பகுதி மக்களுக்காகக் கல்லூரி போன்ற அமைப்புகள் நடத்தும் சிறு நிலையம். அண்ணா பல்கலைக்கழகம் 2004இல் இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலியைத் தொடங்கி இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. சமுதாய வானொலிகளுக்கும் இந்தத் தடை தொடர்கிறது. ஓர் ஊரின் வானொலி அந்த ஊரின் செய்தியைச் சொல்ல முடியாதது தவறு என்றே செயற்குழு கருதுகிறது. இதைத் தளர்த்தக் கோரும் தீர்மானம் இன்று உங்கள் ஒப்புதலுக்கு வருகிறது.

வீட்டில் பழைய கேசட், லைசென்ஸ் புத்தகம், நிலையத்திலிருந்து வந்த பதில் கடிதம் எது இருந்தாலும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். படியெடுத்துவிட்டு அன்றே திருப்பித் தருகிறோம். எண்பது வயதைக் கடந்த நேயர் யாரையாவது தெரிந்தால் உடனே சொல்லுங்கள், நாங்கள் வீட்டுக்கே வருகிறோம்.

இந்த அறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்கும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்