சூரிய அடுப்பு செய்முறை: எட்டாம் வகுப்புப் பெற்றோர்களுக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளை முன்னிட்டு, நம் பள்ளி எட்டாம் வகுப்பு மாணவ மாணவியர் குழுக்களாகச் சேர்ந்து சூரிய அடுப்பு செய்து, அதில் சோறும் பாசிப்பருப்பும் வேகவைத்துக் காட்ட உள்ளனர். இதற்குத் தங்கள் இசைவும், வீட்டில் கிடக்கும் சில பழைய பொருள்களும் தேவைப்படுகின்றன.

ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இரண்டு அட்டைப் பெட்டிகளும், அவற்றுக்கிடையே நான்கு விரல் இடைவெளியில் திணிக்க உமி அல்லது கசக்கிய செய்தித்தாளும் போதும். தெர்மாகோல் சூட்டில் இளகிவிடும் என்பதால் அதைத் தவிர்க்கிறோம். உள்சுவர்களில் அலுமினியத் தாளை மைதாப் பசையால் ஒட்டி, அடியில் கறுப்பு வண்ணம் பூசிய தகட்டை வைத்து, மேலே கண்ணாடியால் மூட வேண்டும். உள்ளே வரும் ஒளி கருந்தகட்டில் பட்டு வெப்பமாகிறது. அந்த வெப்பக் கதிர்களைக் கண்ணாடி எளிதில் வெளியே விடுவதில்லை. வெயிலில் கதவடைத்து நிறுத்திய காரில் ஏறியவர்களுக்கு இது புதிதல்ல. இதே வழியில்தான், 1767-இல் தொடங்கிய சோதனைகளில், ஜெனீவாவைச் சேர்ந்த சொசூர் என்ற அறிஞர், அடுக்குக் கண்ணாடி பொருத்திய பெட்டிக்குள் நீரின் கொதிநிலையையும் தாண்டிய வெப்பத்தைப் பெற்றார்.

வெளிப்பெட்டியின் அட்டை மூடியிலும் அலுமினியத் தாள் ஒட்டி, அதைத் தெற்கு நோக்கி நிமிர்த்தி வைப்போம். மதுரைப் பக்கம் ஏப்ரல் நடுவில்தான் நண்பகல் சூரியன் தலைக்கு நேரே வரும். பிப்ரவரி இறுதியில் அது சற்றுத் தெற்கே சாய்ந்திருக்கும். மூடியிலிருந்து திரும்பும் ஒளி கண்ணாடி முழுவதும் விழும் கோணத்தைப் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கட்டும். அழகாக வர வேண்டும் என்று வீட்டில் தாங்களே செய்து கொடுத்துவிட வேண்டாம். கோணல்மாணலாக இருந்தாலும் அவர்கள் கையால் செய்த அடுப்பே எங்களுக்கு வேண்டும்.

கண்ணாடியின் விளிம்பைக் கடையிலேயே தேய்த்து வாங்குவது கட்டாயம். வண்ணம் பூசிய பெட்டியை வெறுமையாக வெயிலில் காயவைத்து, வாடை முழுவதும் போன பிறகே சமையலுக்குப் பயன்படுத்துவோம். பாத்திரத்தின் வெளிப்புறத்தில் மட்டுமே கறுப்பு பூசப்படும். திரும்பும் ஒளியை நேரே பார்க்கக் கூடாது என்றும், பாத்திரத்தைத் துணி பிடித்தே எடுக்க வேண்டும் என்றும் அறிவியல் ஆசிரியர் வகுப்பில் அறிவுறுத்தியுள்ளார். பிள்ளைகளுக்குத் தொப்பியும் குடிநீரும் கொடுத்தனுப்புங்கள்.

கேஸ் அடுப்பு இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கேஸுக்கு இது மாற்றன்று: மழை நாளில் பயன்படாது, தாளிக்கவும் முடியாது. ஆனால் வெப்பத்தைப் பற்றிப் பாடநூலில் படித்ததைப் பிள்ளைகள் கையால் தொட்டு அறிய, செலவில்லாத வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அரிசி வேக இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். இடையில் திறந்தால் சூடு போய்விடும். ஆகவே காலை பத்து மணிக்கே பெட்டிகளை மைதானத்தில் வைத்துவிடுவோம். அன்றும் சத்துணவு வழக்கம்போல் வழங்கப்படும். மேகமூட்டமாக இருந்தால் வேறொரு நாளில் நடைபெறும்.

இத்துடன் உள்ள இசைவுப் படிவத்தில் கையொப்பமிட்டு, பிப்ரவரி 20-க்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்