யாப்பில் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

போர் நடந்த வன்னியில் மனநல ஆலோசனை சொல்கிற உளவளத்துணையாளர்கள் போதாது என்று உங்கள் ஞாயிறு இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சரியாகத்தான் எழுதியிருந்தார். அந்த உளவளத்துணையாளர்களை வேலைக்கு வைத்திருக்கிற சிறிய தொண்டு அமைப்புகளை நடத்துகிறவர்களைப் பற்றியும் யாராவது பேச வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சம்பளமில்லாத நிர்வாக சபைகளைச் சொல்கிறேன். கிளிநொச்சியில் அப்படியொரு அமைப்பில் ஏழு வருடமாகச் செயலாளராக இருக்கிறேன்.

எங்கள் சபையில் ஓய்வுபெற்ற அதிபர் இருக்கிறார், வங்கியில் வேலை செய்தவர் இருக்கிறார், ஒரு குருக்கள், ஒரு பாதிரியார், நான் ஒரு ஆசிரியை. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்ட பிறகு, வெளியிலிருந்து வந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் திட்டம் முடிந்தது என்று வாகனத்தையும் மேசை கதிரையையும் ஏற்றிக்கொண்டு போயின. ஊரில் மிஞ்சி நின்றவர்கள் இப்படிப்பட்ட ஆட்கள்தான். ஓய்வூதியத்தில் வாடகை கட்டினார்கள். கணக்காய்வுக்கு இரவிரவாகப் பற்றுச்சீட்டு ஒட்டினார்கள். "மூன்று மாதத்தில் எத்தனை பேரைக் குணப்படுத்தினீர்கள்?" என்று கேட்ட நிதியாளருக்கு, பிள்ளையைத் தேடுகிற தாயின் துக்கம் மூன்று மாதக் கணக்கில் அடங்காது என்று பொறுமையாகப் பதில் எழுதினார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் இதே நகரில் 2017 பெப்ரவரி 20இல் போராட்டம் தொடங்கியவர்கள். அவர்களைத் தெரிந்தவர்கள்தான் அந்தப் பதிலை எழுத முடியும்.

இந்தச் சபைக்காரர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. அதனால்தான் எங்கள் பிழையையும் வெளிப்படையாகச் சொல்கிறேன்.

போன வருடம் சபையில் ஒரு இடம் வெறுமையானது. மகனுடைய மனநோயோடு பதினான்கு வருடமாக வாழ்கிற ஒரு தாயைக் கேட்டேன். இடையில் அவரும் மருந்து எடுத்தவர். கூலி வேலைக்குப் போகிறவர். சம்மதித்தார். அமைப்பின் விதிகள் எழுதியிருக்கிற யாப்பைப் பார்க்க வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனவர் மறுநாளே வந்து ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். "சித்தசுவாதீனமற்றவர் அங்கத்துவம் பெற முடியாது."

"ரீச்சர், இதில நானும் வாறனோ?" என்று கேட்டார்.

மனநலத்துக்காகவே தொடங்கிய அமைப்பின் யாப்பில் அந்த வரி இருக்கிறது. பதிவு செய்கிற அவசரத்தில் யாரோ வேறொரு சங்கத்தின் யாப்பைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஏழு வருடமாக அந்த யாப்பை வைத்துக் கூட்டம் நடத்திய எனக்கு அது கண்ணில் படவில்லை. அன்று அவருக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை.

யாப்பைத் திருத்தும்வரை பார்வையாளராக வந்திருங்கள் என்று கூப்பிட்டோம். இரண்டாவது கூட்டத்திலேயே பெயர்ப்பலகையைப் பற்றிக் கேட்டார். வீதியைப் பார்த்தபடி பெரிய எழுத்தில் வைத்திருந்தோம், ஆட்களுக்கு இடம் தெரியட்டும் என்ற நல்ல எண்ணத்தில். அவர் எங்களிடம் வரத் தொடங்கிய காலத்திலிருந்தே ஒரு தரிப்பிடம் தள்ளி இறங்கி, பின்பக்க ஒழுங்கையால் நடந்து வந்திருக்கிறார், பஸ்ஸில் இருக்கிற ஊர்ச்சனம் பார்க்காமல் இருக்க. அப்புறம் ஆஸ்பத்திரி கிளினிக் நாள். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒரே பயணமாக முடியட்டும் என்று அன்றைக்கே எங்கள் குழுச் சந்திப்பையும் வைத்திருந்தோம். ஊசி போட்ட மகன் தூங்கி விழுந்துகொண்டு அங்கே இருப்பான் என்றார். படித்த நாங்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி இருந்து போட்ட அட்டவணை அது.

இப்படியானவர்களைச் சபையில் சேர்த்தால் ஆட்களின் கதை வெளியே போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். எங்கள் அனுபவம் வேறு. ஒரு கூட்டத்தில் "அந்தப் பிள்ளை எந்த ஊர், யாருடைய மகள்?" என்று பணியாளரிடம் கேட்டது ஊரில் மதிக்கப்படுகிற ஒரு அங்கத்தவர். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அக்கறையில்தான் கேட்டார். ஆனால் அந்தப் பணியாளர் வாய் திறக்க முடியாமல் இருந்ததை நான் பார்த்தேன். சம்பளம் கொடுக்கிற சபை கேட்டால் அவர் என்ன செய்வார்? அதன் பிறகு சபைக்கு எண்ணிக்கை மட்டும்தான் வரும், பெயரும் ஊரும் வராது என்று தீர்மானம் எழுதினோம். முதலில் வழிமொழிந்தவர் அந்தக் கேள்வியைக் கேட்டவரேதான்.

பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் வன்னியைப் பற்றி எழுதிய ஆய்வில் கூட்டு மனவடு என்பதைச் சொன்னார். காயம் தனித்தனி ஆட்களுக்கு மட்டும் பட்டதில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்து உடைந்தன என்பது அதன் பொருள். ஊரே காயப்பட்ட இடத்தில், சபையில் இருப்பவர் ஒரு பக்கம், உதவி தேடி வருபவர் ஒரு பக்கம் என்று கோடு கிழிப்பது எப்படிச் சரியாகும்? முள்ளிவாய்க்காலால் நடந்து வந்தவர்கள் எங்கள் சபையிலும்தான் இருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. நீண்டகால மனநோயோடு வாழ்பவர்களும் அதில் அடங்குவார்கள். அவர்களைப் பற்றிய தீர்மானங்களில் அவர்களையும் சேர்க்க வேண்டும் என்று அது சொல்கிறது.

இன்னொன்றும் உண்டு. தொண்டு என்றால் ஐந்து சதமும் வாங்கக்கூடாது என்று பெருமையாகச் சொல்கிறோம். ஓய்வூதியம் உள்ள எனக்கு அது சுலபம். கூலிக்குப் போகிறவர் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய உழைப்பு போகிறது, பஸ் காசும் போகிறது. பஸ் காசும் ஒரு நேரச் சாப்பாடும் கொடுப்பது சம்பளமாகாது. இதைக் கொடுக்காவிட்டால் வசதியுள்ளவர்களும் ஓய்வுபெற்றவர்களும் மட்டும்தான் எந்தக் காலமும் சபையில் இருப்பார்கள்.

வவுனியாவிலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் இதே பணியைச் செய்கிற சபைகளிடம் கேட்கிறேன். உங்கள் யாப்பை எடுத்து அங்கத்துவப் பகுதியை ஒரு தரம் வாசியுங்கள். அந்த வரி இருந்தால் அடுத்த பொதுக்கூட்டத்தில் நீக்குங்கள்.

எங்களுக்கு அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். போன முறை வேலைநாள் பின்னேரம் வைத்ததில் ஆள் போதாமல் கூட்டம் கலைந்தது. இந்த முறை சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வைத்திருக்கிறோம், புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மத்தியான பஸ்ஸில் திரும்பிப் போகலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கிளிநொச்சி.