நம்மாள் யாரிடமாவது கொடுத்தனுப்பு

நியூகாசில், இங்கிலாந்து,
ஜூன் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்ளத்தான் முடிகிறது. பொங்கலுக்கு ஒன்று, பங்குனியில் ஒன்று என்று இரண்டு கடிதம் போட்டேன், பதில் கிடையாது. வாட்ஸப்பில் மட்டும் தினம் காலையில் ஒரு ரோஜாப்பூ தவறாமல் வந்துவிடுகிறது. ரயிலில் தபால் பிரிக்கும் ஆர்.எம்.எஸ்.ஸில் முப்பத்து மூன்று வருஷம் ஊரார் கடிதத்தையெல்லாம் பிரித்துப் போட்டவனுக்குச் சொந்தமாக ஒரு கடிதம் எழுதக் கை வளையவில்லையா?

உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். என்னைவிட நன்றாகத் திட்டத் தெரிந்தவன் ஒருவன் கிடைத்துவிட்டான். சொலெம்னிஸ் என்று பெயர். 1,900 வருஷத்துக்கு முந்திய, ரோமானியர் காலத்து ஆள். அவன் கடிதத்தை இங்கே ஒரு கோட்டையில் தோண்டி எடுத்திருக்கிறார்கள். பாரிஸ் என்கிற தன் கூட்டாளிக்கு அவன் எழுதியது ஏறக்குறைய இப்படி: "நான் நலமாக இருக்கிறேன், நீயும் அப்படியே என்று நம்புகிறேன். எனக்கு ஒரு கடிதம்கூடப் போடாத மகா அலட்சியக்காரனே! நானாவது உனக்கு எழுதுகிறேன், அந்த அளவுக்கு நான் மனுஷன்." இதில் பாரிஸ் யார் என்று உனக்கே தெரியும்.

பேத்தியின் வகுப்பை ரோமானியர் கோட்டை பார்க்கக் கூட்டிப்போனார்கள். எட்டு ஒன்பது வயசுப் பிள்ளைகள் இருபத்தெட்டு பேர். துணைக்கு வீட்டுப் பெரியவர்கள் நாலு பேர் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மகளுக்கு லீவு இல்லை, அதனால் நான் போனேன். எல்லோருக்கும் மஞ்சள் கலரில் ஒரு பளபளா சட்டை. எனக்கும் ஒன்று மாட்டிவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தால் தண்டவாளத்தில் வேலை பார்க்கிற கேங்மேன் மாதிரி இருந்தேன். பஸ்ஸில் ஏறும்போது, இறங்கும்போது, கக்கூஸ் போய் வரும்போது என்று டீச்சரம்மா தலையை எண்ணிக்கொண்டே இருந்தார். மெயில் வேனில் நாம் தபால் பையை எண்ணுவோமே, அப்படி.

ஊர் பெயர் விண்டோலாண்டா. இங்கிருந்து பஸ்ஸில் மேற்கே ஒரு மணி நேரம். ஹேட்ரியன் என்ற சக்கரவர்த்தி கி.பி. 122-இல் இந்தத் தீவின் குறுக்கே கடலுக்குக் கடல் சுமார் 117 கிலோமீட்டருக்கு ஒரு மதில் கட்ட ஆரம்பித்தான் அல்லவா, அதற்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் இந்தக் கோட்டை. மதிலுக்கும் மூத்தது. மரக்கோட்டை கட்டுவார்கள், சில வருஷத்தில் படை மாறும், வருகிறவன் பழசை இடித்து மேலே களிமண்ணும் புல்கட்டியும் போட்டு மூடிவிட்டு அதன்மேல் புதுசு கட்டுவான். இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக ஒன்பது கோட்டை. அடியில் இருப்பது ஈரத்தில் ஊறி, காற்றுப் படாமல், மக்காமல் அப்படியே கிடக்கிறது. தோல், மரம், துணி, எல்லாம்.

செருப்பு மட்டும் ஐயாயிரத்துக்கு மேல் கிடைத்திருக்கிறது. ஒரு சுவர் நிறைய அடுக்கி வைத்திருக்கிறார்கள். பட்டாளத்துக்காரன் செருப்பு, பொம்பளை செருப்பு, நடக்கப் பழகாத குழந்தையின் செருப்பு. கோட்டைக்குள் சிப்பாய்கள் மட்டும்தான் இருந்தார்கள் என்ற நினைப்பை இந்தப் பிஞ்சுச் செருப்புகள்தான் மாற்றின. பிள்ளைகள் அதைக் கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு கக்கூஸில் உட்காருகிற மரப்பலகை ஒன்று 2014-இல் கிடைத்தது இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் செருப்பையெல்லாம் விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். அந்தப் பலகையைச் சுற்றி நடந்த சிரிப்பை எழுதினால் இந்தக் கடிதம் முடியாது.

நான் சொல்ல வந்தது கடிதங்களைப் பற்றி.

1973-இல் ராபின் பர்லி என்பவர் அங்கே தோண்டிக்கொண்டிருந்தபோது ஒட்டிக்கொண்ட இரண்டு மரச்சீவல் கிடைத்தது. தச்சன் இழைத்துப் போட்ட சிராய் என்றுதான் முதலில் நினைத்தார்களாம். பிரித்தால் உள்ளே மையால் எழுதின கோடுகள். காற்றுப் பட்டதும் எழுத்து தெரியாமல் போய்விட்டது. அகச்சிவப்புப் படம் எடுத்துப் படித்தார்கள். இன்றைக்கு 1,700-க்கும் மேல் சேர்ந்திருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு தபால் கார்டு அளவு, கனம் ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர். நம் ஓலை மாதிரி கீறி எழுதுவது இல்லை, பேனாவும் கரி மையும். எழுதி, நடுவில் மடித்து, வெளிப்பக்கம் விலாசம் எழுதுவார்கள். நம் இன்லேண்ட் லெட்டரேதான் மாப்பிள்ளை! விலாசத்தைக் கொஞ்சம் நீட்டு நீட்டான எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். பார்த்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. கிறுக்கல் விலாசம் எது வந்தாலும் விளக்கடியில் பிடித்து ஊரைச் சொல்லிவிடுவாயே. உன்னை இங்கே கொண்டுவந்து விட்டிருந்தால் பல பேராசிரியர்களுக்கு வேலை மிச்சமாகியிருக்கும்.

அருங்காட்சியகத்துப் பெண் ஒருத்தி பிள்ளைகளை உட்காரவைத்து ஒவ்வொரு கடிதமாகச் சொன்னாள். "உனக்குக் காலுறை சில ஜோடி, செருப்பு இரண்டு ஜோடி, உள்ளாடை இரண்டு அனுப்பியிருக்கிறேன்" என்று யாரோ யாருக்கோ எழுதியது. உள்ளாடை என்றதும் மறுபடியும் கூரை பறந்தது. மாஸ்க்லுஸ் என்ற அதிகாரி, தன் ஆட்களுக்கு பீர் தீர்ந்துவிட்டது, தயவுசெய்து அனுப்பச் சொல்லுங்கள் என்று மேலிடத்துக்கு எழுதியது. கிளவுதியா செவெரா என்ற பெண் தன் தோழி லெப்பிதினாவை செப்டம்பர் 11-ஆம் தேதி பிறந்தநாளுக்கு வரச் சொன்னது. கடிதத்தை எழுத்தர் எழுதியிருக்கிறார், கடைசி நாலு வரியை மட்டும் அவளே கோணல்மாணலான கையெழுத்தில், "உன்னை எதிர்பார்த்திருப்பேன் சகோதரி, சுகமாயிரு என் உயிரே" என்று சேர்த்திருக்கிறாள். ஒரு பெண் தன் கையால் லத்தீனில் எழுதி இன்றுவரை மிஞ்சியதில் இதுதான் மிகப் பழசுகளில் ஒன்று. அசல் லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்போது முன்வரிசையில் ஒரு பொடியன் கையைத் தூக்கினான். "அடுத்தவங்க லெட்டரைப் படிக்கிறது தப்பில்லையா?" என்று கேட்டான்.

அந்தப் பெண் சிரித்து ஏதோ சமாதானம் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. நீயும் நானும் மெயில் வேனில் ராத்திரி முழுக்க எத்தனை லட்சம் கடிதத்தைத் தொட்டிருப்போம்? ஒன்றையாவது பிரித்திருப்போமா? 1898-ஆம் வருஷத்துச் சட்டத்தை முதல் நாளே மண்டையில் அடித்து ஏற்றிவிட்டார்கள். சட்டம் இல்லாவிட்டாலும் நாம் பிரித்திருக்க மாட்டோம். (போஸ்ட் கார்டை விடு. அது திறந்த வீடு. மணப்பாறைக்காரர் ஒருவர் மாமியாருக்கு எழுதின கார்டை நீ வேன் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.) ஆக, அடுத்தவன் கடிதத்தை உட்கார்ந்து நிதானமாகப் படித்தது எனக்கு இதுதான் முதல் தடவை. கூச்சமாக இருந்தது. நிறுத்தவும் மனசு வரவில்லை.

கூட்டிப்போன டீச்சரம்மாவுக்குப் பிடித்தது வேறு. ஒரு பலகையில் வெர்ஜில் என்ற ரோமானியக் கவியின் காவியத்திலிருந்து ஒரு வரி, கையெழுத்துப் பழகின மாதிரி இருக்கிறது. கோட்டைத் தலைவன் செரியாலிஸின் பிள்ளைகள் எழுதியிருக்கலாம் என்கிறார்கள். பக்கத்தில் வேறொரு கையெழுத்தில் அரைகுறையாக ஒரு சொல். 'அசமந்தம்' என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். டீச்சர் அதைப் படம் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை முதல் எத்தனை நோட்டில் அந்தச் சொல் ஏறப்போகிறதோ.

எனக்குப் பிடித்த இன்னொன்று ஒரு ஆஜர்க் கணக்கு. மே 18-ஆம் தேதி, துங்ரியர் என்ற படைப்பிரிவில் மொத்தம் 752 பேர், வெளியூர் போனவர்கள் 456, மீதி 296. அதில் நோயாளி 15, காயம் பட்டவன் 6, கண்வலி 10. மொத்தத்தில் வேலைக்கு ஆனவன் 265. நம் ஆபீஸிலும் தீபாவளி வாரத்தில் கணக்கு இப்படித்தானே இருக்கும்! கண்வலியை மட்டும் தனியாக எழுதியிருக்கிறார்கள் பார், மெட்ராஸ் ஐ வந்த வருஷம் நாம் ரிஜிஸ்டரில் எழுதின மாதிரியே.

மிளகு சமாச்சாரத்தைச் சொல்லாமல் விட்டால் நீ கோபிப்பாய். ஒரு கணக்குப் பலகையில், தாப்போ மகன் காம்பாக்ஸ், மிளகு, 2 தெனாரியஸ் என்று இருக்கிறது. தெனாரியஸ் என்பது ரோமானிய வெள்ளிக்காசு. பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் எழுதிவைத்த விலைப்படி கருமிளகு ராத்தல் 4 தெனாரியஸ், ஆக அரை ராத்தல். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, யவனர் பொன்னொடு வந்து கறியொடு பெயர்ந்தது முசிறித் துறைமுகத்தில் என்று. கறி என்றால் மிளகுதான். கப்பல் போனது வரைதான் நமக்குப் பாடம். போன கறி கடைசியில் யார் கைக்குப் போனது என்று இங்கே, மழையும் சேறுமான இந்த மேட்டில், ஒருத்தன் பேர் போட்டு எழுதி வைத்திருக்கிறான். பேத்தியிடம் "இது நம்ம பக்கத்து மிளகு" என்றேன். அவள் "தாத்தா, உங்களுக்கு எல்லாமே நம்ம பக்கத்துதுதான்" என்றாள். அதுவும் சரி, மலையாளக் கரைக்காரன் கேட்டால் சண்டைக்கு வருவான்.

இப்போது உனக்காகவே வைத்திருந்த கடிதத்துக்கு வருகிறேன். க்ரவுத்தியுஸ் என்பவன் வெல்தேயுஸுக்கு எழுதியது. 'என் சகோதரனுக்கு, பழைய கூடாரக் கூட்டாளிக்கு' என்று தொடங்குகிறது. அந்தப் பட்டாளத்தில் எட்டுப் பேருக்கு ஒரு கூடாரம். ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகத் தூங்குகிறவர்கள். நம் மெயில் வேன் செட் என்று வைத்துக்கொள். "இத்தனை நாளாக எனக்கு ஏன் பதில் எழுதவில்லை? ஆச்சரியமாக இருக்கிறது" என்கிறான். நம் பெரியவர்களிடமிருந்து ஏதாவது சேதி உண்டா என்று கேட்கிறான். அப்புறம் பார், மாட்டு வைத்தியன் விரிலிஸ் எனக்குத் தருகிறேன் என்ற கத்திரியைக் கேட்டு வாங்கி, நம்மாள் யாரிடமாவது கொடுத்தனுப்பு என்கிறான். விலை பேசின கத்திரி. சகோதரி துத்தேனாவை விசாரித்ததாகச் சொல் என்கிறான். ஆக மொத்தம் சேதி அவ்வளவுதான்.

விலாசம் இன்னும் வேடிக்கை. 'லண்டன், ஆளுநரின் குதிரைக்காரன் வெல்தெதேயுஸுக்கு' என்று இருக்கிறது. (அதே ஆள்தான், விலாசத்தில் பெயரை இப்படி எழுதியிருக்கிறான்.) கிடைத்தது விண்டோலாண்டாவில். லண்டன் எங்கே, இது எங்கே, நடுவில் 400 கிலோமீட்டருக்கு மேல். வாங்கினவன் கையோடு வைத்துக்கொண்டே ஆளுநரோடு வடக்கே வந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் சர்க்கார் தபால் சர்க்கார் ஆட்களுக்கு மட்டும்தான், சாதாரணச் சிப்பாய்க்குத் தபால் கிடையாது. 'நம்மாள்' ஒருத்தன் அந்தப் பக்கம் போனால்தான் கடிதம் போகும், கத்திரி வரும். அப்படியும் பதில் எதிர்பார்த்தார்கள். உனக்குத் தெருமுனையில் சிவப்புப் பெட்டி இருக்கிறது.

இவ்வளவும் எப்படி மிஞ்சியது தெரியுமா? கி.பி. 105 வாக்கில் கோட்டையில் இருந்த பத்தாவியர் என்ற படைப்பிரிவுக்கு டான்யூப் ஆற்றுப் பக்கம் போக உத்தரவு வந்தது. வேண்டாத காகிதத்தையெல்லாம், அதாவது பலகையையெல்லாம், குவித்துக் கொளுத்தினார்கள். நன்றாகப் பிடிக்கும் முன்னே மழை வந்து அணைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். பாதி கருகினதும் கருகாததுமாக அப்படியே சேற்றில் போய்விட்டது. நாங்கள் போன அன்றும் மழைதான். தோண்டுகிறவர்கள் முட்டிவரை சேற்றில் நின்றுகொண்டு வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் முகத்திலும் சலிப்பு இல்லை.

இதைக் கேட்டதிலிருந்து ஒன்று மனசில் உறுத்துகிறது. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். மதுரை வீட்டைக் காலி செய்தபோது இரும்புப் பெட்டியில் இருந்த கடிதங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். அம்மா எழுதினது, உன் கல்யாணத்துக்கு முன்னால் நீ புலம்பி எழுதினது, எல்லாம். கிலோவுக்கு எட்டு ரூபாய் கொடுத்தார். அன்றைக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. உன்னிடம் என் கடிதங்கள் இருந்தால் வைத்திரு. தங்கச்சி கொளுத்தச் சொன்னால் மழை வருகிற நாளாகப் பார்த்துக் கொளுத்து.

கடைசியாக ஒன்று. திண்டுக்கல்லில் உனக்குத் தெரிந்த பட்டறையில் சொல்லி எனக்கு ஒரு பாக்குவெட்டி வாங்கித் தருகிறேன் என்றாயே, ஞாபகம் இருக்கிறதா? 1994-இல், கொடைரோடு தாண்டும்போது. 60 ரூபாய் அப்போதே கொடுத்துவிட்டேன். ஆகஸ்டில் என் மருமகனின் தம்பி ஊருக்கு வந்து திரும்புகிறான். அவனிடம் கொடுத்தனுப்பு. பெரிய பெட்டியில் வைக்கச் சொல், கைப்பையில் வைத்தால் விமானத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.

உன் பழைய கூடாரக் கூட்டாளி