அம்மாவின் வருத்தம் பற்றி மகளுக்கு

மகள்,

அம்மாவுக்கு வந்திருக்கிற லிம்ஃபோமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய், "வேகமா பரவுற வகையாம்" என்று மாமா போனில் சொன்னதிலிருந்து நீ வேலையை விட்டுவிட்டு டிக்கட் போட நிற்கிறாய் என்று கேள்விப்பட்டேன். கொஞ்சம் பொறு. டொக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை, நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வேகமான வகை என்பது உண்மைதான், மருந்து ஏற்றாமல் விட்டால் சில மாதங்களில் ஆளைக் கொண்டுபோய்விடும். ஆனால் கீமோ மருந்து வேகமாகப் பெருகுகிற செல்களைத்தான் அதிகம் தாக்கும், அதனால் இந்த வகையை அடியோடு ஒழிக்க வழி இருக்கிறது. மெதுவாக வளர்கிற லிம்ஃபோமாதான் அடங்குவதுபோல் அடங்கித் திரும்பத் திரும்ப வரும். அம்மாவுக்கு வந்த வகையில் 10 பேரில் 6 பேர் அளவுக்கு முழுதாகக் குணமாகிறார்கள். மிச்ச 4 பேரை உன்னிடம் மறைக்க எனக்கு மனமில்லை. அம்மாவுக்கு இன்னும் 60 ஆகவில்லை, எழுந்து நடமாடுகிறாள், இரண்டுமே நமக்குச் சாதகம்.

21 நாளுக்கு ஒரு தடவை, மொத்தம் 6 தடவை மருந்து. பாதி முடிந்துவிட்டது. அதில் ஒன்று சிவப்பு மருந்து, ஏற்றிய பிறகு சிறுநீரும் சிவப்பாகப் போகும். நேர்ஸ் முன்கூட்டியே சொல்லியும் அம்மா நடுங்கிப்போய் என்னைக் கூப்பிட்டாள். இன்னொன்று விரல் நுனியை மரத்துப்போக வைக்கிறது. அத்தனை வருடம் கொழுந்து பறித்த கை, இப்போது ரவிக்கைக் கொக்கி மாட்டப் பக்கத்துக் காம்பராப் பிள்ளையைக் கூப்பிடுகிறாள்.

எனக்குப் பெரிய பயம் காய்ச்சல்தான். மருந்து ஏற்றி ஒரு வாரம், இரண்டு வாரத்துக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும், அந்த நேரம் 38 டிகிரி அடித்தால் பனடோல் கொடுத்துப் பார்ப்போம் என்று வீட்டில் இருக்கக் கூடாது, ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். மஸ்கெலியாவிலிருந்து அந்த நேரத்தில் ஏது பஸ்? அதனால் கீழ் லயத்துத் தம்பியிடம் ஆட்டோவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், துணிப்பையும் கிளினிக் கொப்பியும் கதவோரம் தயாராக இருக்கிறது. சொந்தக்காரர்கள் கொண்டுவருகிற வேர்ப்பொடி எதையும் நான் உள்ளே விடுவதில்லை, நீயும் அதற்குக் காசு அனுப்பாதே. ஆஸ்பத்திரி மருந்தோடு அது சேர்ந்து ஈரலைக் கெடுத்தால் யார் பொறுப்பு?

6 தடவையும் முடிந்ததும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். திரும்ப வருவதென்றால் பெரும்பாலும் முதல் 2 வருடத்துக்குள்தான் வரும், வந்தாலும் வேறு மருந்து ஏற்றி, இரத்தத்தை உண்டாக்குகிற ஸ்டெம் செல்லை நோயாளியிடமிருந்தே எடுத்து வைத்துத் திரும்ப ஏற்றுகிற வைத்தியம் இருக்கிறது. அது கஷ்டமான வைத்தியம், எல்லோருக்கும் பலிக்காது, ஆனாலும் ஒரு வழிதானே.

ஆகவே ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு இப்போது வராதே. கடைசி மருந்துக்குப் பிறகு லீவு கேள், அப்போதுதான் நீ பக்கத்தில் இருப்பது அவளுக்குத் தேவைப்படும். அதுவரை பின்னேரத்தில் போன் எடு, வருத்தத்தைப் பற்றிக் கேட்காமல் அங்கே என்ன சமைத்தாய் என்று சொல், அவள் அதைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அப்பா